ரிசால்வ் கோப்பைப் பூட்டி வைக்காதீர்கள்

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையின் கணக்கு அறையில் உபுண்டு (லினக்ஸ்) போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான். வீடு கம்பத்தில். சாரல் பிடித்தால் மலைப்பாதையில் மரம் விழும், கூடவே பிராட்பேண்ட் கம்பியும் அறுந்துவிடும். அப்படி ஒரு நாள் கடையில் போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதும் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, போன்ல நெட் நல்லா ஓடுது. கம்ப்யூட்டர்ல ஒரு சைட்டும் திறக்கல. புத்தடியில நடக்கிற ஏலக்காய் ஏல ரேட்டு பார்க்கணும்."

"8.8.8.8-க்கு பிங் போடுங்க தம்பி" என்றேன். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், பிங் என்பது அங்கிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பதில் வந்தது. ஒரு தளத்தின் பெயரைப் போடச் சொன்னேன். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது. சரி, பாதை திறந்திருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டது. இந்த இரண்டு பிங்கையும் போடாமல் ரூட்டரை அணைத்துப் போட்டு, கேபிளை மாற்றி, அரை நாளைக் கழிப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பை எட்சி அடைவில் திறந்து படிக்கச் சொன்னேன். ஒரே வரி: நேம்சர்வர் 192.168.1.1. கடை ரூட்டரின் முகவரி அது. போன் ஹாட்ஸ்பாட்டில் அந்த முகவரியில் பதில் சொல்ல ஆளே இல்லை. முன்பு எப்போதோ வந்து பார்த்த ஒருவர் அந்த வரியைக் கையால் எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி சாட்டர் பிளஸ் ஐ கட்டளையால் கோப்பைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது. கோப்பைத் திருத்துகிறோம், வேலை செய்கிறது, மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. கோபத்தில் பூட்டுப் போடுகிறோம். ஆனால் அந்தக் கோப்பு நாம் எழுதுவதற்காக இருப்பது அல்ல. இணைப்பு கிடைத்ததும் ரூட்டரோ போனோ, கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி முறை வழியாக டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்தே அனுப்புகிறது. இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் அதை வாங்கி, பெயர் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் சேவையிடம் கொடுக்கிறது. உபுண்டுவில் ரிசால்வ் கோப்பு என்பது ரன் அடைவில் உள்ள வேறொரு கோப்பைக் காட்டும் ஒரு சுட்டி (சிம்லிங்க்) மட்டுமே. எல்எஸ் மைனஸ் எல் போட்டால் அம்புக்குறியோடு தெரியும். ரன் அடைவு நினைவகத்தில் இருப்பதால் கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிதாக எழுதப்படுகிறது. பூட்டுப் போட நினைப்பவர் அந்தச் சுட்டியை அழித்துவிட்டு நிஜக் கோப்பு ஒன்றை வைக்கிறார். அதோடு தானாக மாறும் ஏற்பாடு முழுவதும் அறுந்துபோகிறது.

ஆகவே கோப்பில் கை வைக்கும் முன் அதை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேலே உள்ள குறிப்பு வரியிலேயே பெயர் இருக்கும். உள்ளே 127.0.0.53 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது தவறான முகவரி அல்ல. ரிசால்வ்ட் அதே கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து கேள்வி வாங்கும் வாசல் அது. அதை அழித்துவிட்டு 8.8.8.8 எழுதுவது வேண்டாத வேலை. உண்மையில் எந்த சர்வரிடம் கேட்கிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக.

கடையில் பூட்டைத் திறந்து, கையால் எழுதிய கோப்பை நீக்கி, பழைய சுட்டியை மறுபடி போட வைத்தேன். சைட்டுகள் திறந்தன.

டிஎன்எஸ்ஸை நாமே கொடுத்தாக வேண்டும் என்றால் நெட்வொர்க் மேனேஜரில் அந்தக் குறிப்பிட்ட இணைப்பின் அமைப்பில் கொடுங்கள். ஐபிவி4 பகுதியில் தானியங்கி டிஎன்எஸ்ஸை அணைத்து முகவரியை எழுதலாம். பலர் புதிய முகவரி முறையான ஐபிவி6-இன் பகுதியை மறந்துவிடுகிறார்கள். அந்த வழியாக ரூட்டர் கொடுக்கும் சர்வர் அப்படியே நிற்கும், எழுதியது பாதி நேரம் பலிக்காது. மாற்றிய பின் இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்க்கவும் வேண்டும்.

இன்னொன்று, இரண்டு சர்வர் எழுதினால் முதலாவதில் கிடைக்காத பெயர் இரண்டாவதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அது அப்படி வேலை செய்யாது. கடையின் கணக்கு சர்வருக்கு ரூட்டரில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். 8.8.8.8-இடம் கேட்டால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்லும். அதுவும் முழுப் பதில்தான், அதற்குப் பின் ரூட்டரை யாரும் கேட்பதில்லை. முதல் சர்வர் பதிலே சொல்லாமல் போனாலோ, தன்னால் முடியவில்லை என்று பிழை அனுப்பினாலோதான் அடுத்தவர் முறை. ரிசால்வ்ட் இல்லாமல் கோப்பை நேராகப் படிக்கும் முறையில், பதிலே வராவிட்டால் 5 நொடி காத்திருக்க வேண்டும், நான்காவதாக எழுதிய சர்வரைத் திரும்பியும் பார்க்காது. உள்ளூர்ப் பெயர் இருக்கும் இடத்தில் ரூட்டரை மட்டும் கொடுத்துவிட்டு, வெளி சர்வரை ரூட்டருக்குள் எழுதுவதே சரி.

சோதிப்பதிலும் கவனம் வேண்டும். டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளை, பெயரையும் முகவரியையும் நாமே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, நேரே சர்வரிடம் போகும். மற்ற நிரல்கள் போகும் வழியைப் பார்க்க கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போடுங்கள். பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் இயக்கியிருந்தால் அது தன் வழியில் தனியே கேட்டுக்கொள்ளும், அதனால் பிரவுசர் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் நான் தம்பியை இரண்டு முறை இணைப்பை மாற்றச் சொன்னேன். பிராட்பேண்ட் சரியான பிறகு ஒருமுறை, மறுபடி ஹாட்ஸ்பாட்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸில் வரும் முகவரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு முறையும் முகவரி தானாக மாறியிருந்தது.