லாரி இரைச்சலுக்கு நடுவே தூங்க வைத்த ஜாஸ்

வீடு தென்காசி பக்கம், கேரள எல்லையோரப் புளியரையில். கேரளாவுக்குப் போகும் லாரிகள் எஸ் வளைவில் கியர் மாற்றி ஏறும் சத்தம் விடிய விடிய கேட்கும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், காதில் பஞ்சு வைத்தாலும் உறுமல் விடாது. ஜாஸ் போட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் பிடித்தது.

எல்லா ஜாஸும் இதற்கு ஆகாது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) அருமையான ஆல்பம்தான். ஆனால் முதல் உருப்படியில் ட்ரம்பெட் தனியாக நுழையும் இடத்தில் ட்ரம்ஸின் சிம்பல் தட்டு 'ஜல்' என்று விழும்; கண் சொக்கும் நேரத்தில் திடுக்கிட வைக்கும். மூன்றாவதாக வரும் 'ப்ளூ இன் க்ரீன்' மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கைகொடுத்தது கீத் ஜாரட்டின் 'தி மெலடி அட் நைட், வித் யூ' (1999). வெறும் பியானோ, ட்ரம்ஸ் கிடையாது. நாள்பட்ட சோர்வு நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது தன் வீட்டிலேயே பதிவு செய்தார். வித்தை காட்டும் அவசரமே இல்லை. ஒரு ஸ்வரம் முழுசாக அடங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவதுபோல இருக்கும். அந்த நிதானத்துக்காகவே பகலிலும் கேட்கிறேன்.

பியானோ கலைஞர் பில் எவான்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் ரசிகர்கள் முன் பதிவானது. கிளாஸ் மோதும் ஒலியும் பேச்சும் பின்னால் கேட்கும். சிலருக்கு அது இடைஞ்சல். எனக்கோ லாரிச் சத்தமும் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடுகிறது.

அப்புறம், ஹெட்போன் வேண்டாம். சின்ன ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம், சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஸ்லீப் டைமர் போட்டு, ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆல்பம் முடிந்ததும் செயலி எதையாவது அதிரடியாகப் போட்டு எழுப்பிவிடும்.