எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்: கஞ்சியை விட்டு வெளியே வாருங்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ செய்துகொண்டு வருகிறார்கள். முதல் வருடம் ஆள் அடையாளமே தெரியாத அளவுக்கு இளைக்கிறார்கள். அடுத்த வருடம் தீபாவளி நெருங்கும்போது முகம் வாடிப்போய் என்னிடம் வருகிறார்கள். "அக்கா, எடை திரும்ப ஏறுது. வாய் கேக்குது. என்ன செய்ய?"

நானும் ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்குவது) செய்துகொண்டவள்தான். இவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நான் செய்து கடந்தவை. அதனால்தான் எழுதுகிறேன். நாசி லெமாக் பொட்டலம், ரொட்டி சானாய், சிராப் பண்டுங் எல்லாம் ஆகாது என்று சொல்ல நான் தேவையில்லை. தெரிந்தே சாப்பிடுகிறவர்கள் குறைவு. தெரியாமல், நல்லது என்று நம்பிச் சாப்பிட்டு ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு மூன்று கிலோ ஏறியதும் "எல்லாம் வீணாப்போச்சு" என்று முடிவுகட்டுவது

அறுவைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் எடை ஆகக் குறைந்த இடத்தைத் தொடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். சுவீடனில் 1987-இல் தொடங்கி நீண்டகாலம் நடந்த ஓர் ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே குடலோடு இணைப்பது) செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 விழுக்காடு குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 விழுக்காடாக இருந்தது. அதாவது 100 கிலோ இருந்தவர் 68-க்கு இறங்கி, பிறகு 75-இல் நிற்கிறார். இது தோல்வி இல்லை. ஆனால் அந்த ஏழு கிலோவைப் பார்த்து மனம் உடைந்து, "இனி என்ன இருக்கு" என்று பழைய தட்டுக்குத் திரும்புகிறவர் 75-இல் நிற்கமாட்டார்.

பசி திரும்புவதும் இப்படித்தான். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் சாப்பாட்டு நினைப்பே வராமல் இருக்கிறது. உடல் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். பசி மறுபடி எட்டிப்பார்க்கும். அதை எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்.

கஞ்சிக் கட்டத்திலேயே குடியிருப்பது

எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இந்த ஒரு தவறுதான். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்தவர் வந்து அதையே செய்துகொண்டிருக்கிறார்.

பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி வந்தாள். குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிட்டது. "அக்கா, சத்தியமா நான் ஒண்ணுமே சாப்பிடுறதில்ல. ஒரு கை சோறு இறங்க மாட்டேங்குது. கோழி ஒரு துண்டு வச்சா நெஞ்சை அடைக்குது. எனக்கு எப்படி எடை ஏறும்?" அவள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வாயில் போனது அத்தனையையும் எழுதிக்கொண்டு வா என்றேன். எழுதி வந்தாள். விடியலில் கெட்டிப்பால் போட்ட டீ, அதில் நனைத்த கிரீம் கிராக்கர். பசியாறும் நேரத்தில் அரிசிக் கஞ்சி. மத்தியானம் ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோறு. மாலையில் மைலோ, அதில் தோய்த்த ரொட்டி. ராத்திரி சீனி போட்ட ஓட்ஸ். நடுவில் "வாய்க்கு" என்று இரண்டு முறுக்கு.

அந்தத் தாளில் மென்று தின்னும் பொருள் ஒன்றுகூட இல்லை.

இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்காக இரைப்பையின் வேலையைச் சொல்கிறேன். கெட்டியான உணவு உள்ளே போனால் அது அரைபடும்வரை இரைப்பையில் தங்கும். சின்னதாக்கிய இரைப்பை சீக்கிரம் நிறையும். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும். நீங்கள் பணம் கொடுத்துச் செய்துகொண்ட அறுவை வேலை செய்வது அந்த இடத்தில்தான். கஞ்சியும் மைலோவும் நனைத்த பிஸ்கட்டும் அங்கே தங்குவதில்லை. வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடும். இரைப்பை நிறையவே இல்லை, பிறகு யார் போதும் என்று சொல்வது? ஒரு மணி நேரத்தில் மறுபடி வாய் கேட்கும். அதைத்தான் இவர்கள் "ஆசை அடங்கலை" என்கிறார்கள். ஆசைமேல் பழிபோடுவதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள்.

முறுக்கு, கெரோப்போக், பிஸ்கட் எல்லாம் கடிக்கும்போது கெட்டிதானே என்று அந்தத் தங்கச்சி கேட்டாள். வாயில் எச்சில் பட்டதும் கரைந்து மாவாகிவிடுகிறதே, அதுவும் கஞ்சிக் கணக்குத்தான். ஒரு கிரீம் கிராக்கர் ஏறக்குறைய 35, 40 கலோரி. டீயில் நனைத்தால் ஆறு போனதே தெரியாது. ஒரு துண்டு மீன் முடிக்கத் திணறுகிறவர் ஆறு பிஸ்கட்டைப் பேச்சுவாக்கில் முடித்துவிடுகிறார்.

இது எங்கிருந்து தொடங்குகிறது என்றும் எனக்குத் தெரியும். அறுவை முடிந்து முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வழக்கமான கெட்டி உணவு. பொதுவாக இதுதான் முறை. ஆனால் வீட்டுக்கு வரும்போது கையில் இருப்பது முதல் கட்டத்துக்கான தாள். அதுவும் பல சமயம் வீட்டுப் பெரியவர்கள் வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறது. மாமியாரோ அம்மாவோ பாசத்தோடு குழையக் குழைய ஆக்கிப் போடுகிறார்கள். "வயித்த அறுத்த பொண்ணு, கெட்டியா குடுக்காதே." மூன்றாம் மாதம் ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு கோழி வறுவலைப் பழைய வேகத்தில் விழுங்குகிறார். நெஞ்சடைத்து, நுரையாக வாந்தி வருகிறது. அன்றோடு "எனக்குக் கோழி சேராது" என்று தீர்ப்பு எழுதி, கஞ்சிக்கே திரும்புகிறார். சேராதது கோழி இல்லை, விழுங்கிய வேகம். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்றுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. எடை ஏறியதும், "முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன், வயிறு சுருங்கட்டும்" என்று சொல்லி ஒரு வாரம் நீராகாரத்துக்கே திரும்புவது. அப்படிச் சுருங்காது. அந்த வாரம் எடைக்கருவி இறங்கிக் காட்டும். எந்த வகை உணவு உங்களை ஏற்றியதோ அதிலேயே இன்னும் ஒரு வாரம் பழகியதுதான் மிச்சம்.

வெளியே வரும் வழி மெதுவானது, ஆனால் முடியாதது இல்லை. முதலில் முட்டை: அவித்தது, இல்லையென்றால் குறைந்த எண்ணெயில் ஆம்லெட். அது தங்கினால் ஆவியில் வேகவைத்த கெம்போங் மீன், தவ்வு (சோயாக் கட்டி). அப்புறம் கொத்திய கோழி. தொடைக்கறிக்கு அதற்குப் பிறகுதான் இடம். காய்ந்த நெஞ்சுக்கறியையும் சூடு காட்டிச் சூடு காட்டி இறுகிப்போன வறுவலையும் கடைசிக்கு வையுங்கள். அவைதான் அதிகம் அடைப்பவை. சுண்டுவிரல் நகம் அளவு துண்டு. நன்றாக மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். தட்டில் முதலில் மீனோ கறியோ, அடுத்து காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. நெஞ்சில் ஓர் அழுத்தம் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள், "இன்னும் ஒரு வாய்" வேண்டாம்.

பொதுவாக ஒரு நாளைக்கு 60-இலிருந்து 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம். அந்தத் தங்கச்சியின் கஞ்சி, ரசஞ்சோறு, பிஸ்கட்டைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. முட்டையில் தொடங்கி மீன்வரை வந்ததும் அவள் சொன்ன முதல் மாற்றம் எடை இல்லை. மாலையில் மைலோ நினைப்பு வரவில்லை என்றாள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். நன்றாக மென்று மெதுவாகச் சாப்பிட்டும் கெட்டி உணவு தொடர்ந்து இறங்கவில்லை என்றால், தையல் போட்ட இடத்திலோ குழாய்ப் பகுதியிலோ சுருக்கம் விழுந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது வாய்வழியே கேமராக் குழாய் விட்டு, பார்ப்பார்கள். பல சமயம் பலூன் வைத்தே விரித்துவிட முடியும். கஞ்சியோடு சமாதானம் செய்துகொண்டு வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பி1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பது

கூடாது. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துக் குடியுங்கள்.

"ஒரு டீதானே"

2019 ஜூலையிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டிருக்கிறது. அது அடைத்து விற்பவற்றுக்குத்தான். ஒட்டுக்கடையில் கெட்டிப்பாலை ஊற்றி ஆற்றித் தரும் டீயை அது தொடாது. நம் ஊரில் நட்பு, துக்கம், சம்பள நாள் எல்லாமே அந்தக் கிளாஸைச் சுற்றித்தான். கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். பாலும் சீனியும் இல்லாத "டீ ஓ கோசோங்" என்று கேட்டு வாங்குங்கள். இனிப்பைக் குறைக்கச் சொல்லி "குராங் மானிஸ்" என்றால் கை குறைப்பது ஒரு கரண்டிதான்.

இனிப்பு ஆசையை இனிப்பால் அடக்குவது

இனிப்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வயிற்றுப்போக்கு, மயக்கம் வருவதைப் பைபாஸ் செய்தவர்கள் பலர் அறிவார்கள். அதற்குப் பெயர் டம்பிங். பலருக்குத் தெரியாதது, இது இரண்டாவது தடவையும் வரும் என்பது. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்க, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை சரிகிறது. கை நடுக்கம், வியர்வை, "இப்போதே ஏதாவது இனிப்பு வேணும்" என்ற வெறி. உடனே ஒரு மைலோ. மறுபடி ஏற்றம், மறுபடி சரிவு. கோயில் திருவிழாவில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று அழுத ஓர் அக்காவுக்கு நடந்தது இதுதான். அது அவர் மனதின் பலவீனம் இல்லை.

அந்த நேரத்தில் நிலைமை மோசமாக இருந்தால் சர்க்கரையை ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பழைய அளவிலேயே தொடர்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இருட்டில் கத்தியோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவருக்கும், லோரி ஓட்டுபவருக்கும் இந்த மயக்கம் உயிர் விஷயம்.

பசியாறாமல் வேலைக்காட்டுக்குப் போவது

காலையில் வெறும் டீயோடு போய், பகல் பதினொரு மணிவரை தாக்குப்பிடிப்பதைச் சிலர் கட்டுப்பாடு என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு சாயங்காலம் பசார் மாலாமில் தீர்க்கப்படுகிறது. இரண்டு அவித்த முட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: தூக்கம் குறைந்தாலே பசி கூடும். ஷிப்ட் மாற்றிக் கேட்க முடியுமென்றால் கேளுங்கள்.

கள், பீர், மலிவு சாராயம்

இதில் நான் சமாதானமாகப் பேசமாட்டேன். அறுவைக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பைவிடக் குறைந்த அளவிலேயே போதை வரும். பைபாஸ் செய்தவர்களிடையே இரண்டாவது வருடத்தில் குடிப்பழக்கச் சிக்கல் கூடுவதை 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சாப்பிட முடியாதபோது, சிலர் கை அங்கே நீள்கிறது. சாராயத்தில் எத்தனை வீடு போனது என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் அறுவை செய்திருந்தால், தீபாவளிக்கு அவர் முன்னால் கிளாஸை நீட்டாதீர்கள்.

சத்து மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள், வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எடை ஏறியதும் மருத்துவர் முகத்தில் விழிக்காமல் இருப்பது

"இவ்வளவு ஏத்திட்டு எப்படிப் போய் நிப்பேன்" என்று சந்திப்பைத் தவறவிடுகிறார்கள். ஒரு தடவை தவறினால் அடுத்ததற்கும் கூச்சம். அங்கே சில மிஸ்ஸிகள் (தாதியர்) எல்லார் முன்னாலும் எடையை உரக்கப் படிப்பது உண்மைதான், எனக்கும் நடந்திருக்கிறது. தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. போங்கள். ஏறிய எடைக்கு அங்கே வழி இருக்கிறது. பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இப்போது அறுவை செய்தவர்களுக்கும் தரப்படுகின்றன. சிலருக்கு மறு அறுவையும் பொருந்தும். தைராய்டு, மனச்சோர்வு, எடையைக் கூட்டும் வேறு மருந்து என்று தட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் சோதனையில்தான் தெரியவரும்.

போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை, நனைத்த பிஸ்கட் உட்பட, எழுதிக் கொண்டுபோங்கள். எந்த அறுவை, எந்த வருடம், ஆகக் குறைந்த எடை எவ்வளவு, எப்போதிருந்து ஏறத் தொடங்கியது என்பதைத் தாளின் மேலே குறித்துவையுங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி ரத்தச் சோதனை கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் மகளையோ மருமகளையோ கூட்டிப்போங்கள். யாரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.