கேம் டைமிங்கும் டேப்பட் செட்டிங்கும்: முதல் தடவை இன்ஜின் பூட்டுகிறவர்களுக்கு

இன்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டும்போது அவசரப்படவே கூடாத இடம் இதுதான். பல இன்ஜின்களில் டைமிங், அதாவது பிஸ்டன் நகர்வுக்கும் வால்வு திறப்புக்கும் உள்ள பொருத்தம், தப்பினால் பிஸ்டன் மேலே வரும்போது திறந்திருக்கும் வால்வில் இடிக்கும், வால்வு வளையும், ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டியதுதான். அதனால் கடைசி வரைக்கும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், எல்லாம் கையால்தான். இங்கே சொல்வது நாலு சிலிண்டர், ஒரே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள இன்ஜினுக்கு. உங்கள் இன்ஜினின் மேனுவலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அளவுகளும் டார்க்கும் (நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) லேசாகச் சுற்றும். ஹெட்டில் கேமைப் பூட்டும் முன் கிராங்கை டிடிசியிலிருந்து (1-ஆவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கால் சுற்று பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். நாலு பிஸ்டனும் நடுவில் நிற்கும், எந்த வால்வு இறங்கினாலும் இடிக்காது. கேம் லோபுகளில் (வால்வை அழுத்தும் மேடுகள்) அசெம்பிளி ஆயில் தாராளமாகத் தடவி, கேமைப் பிடிக்கும் கேப்புகளை அவற்றின் எண், அம்புக்குறி பார்த்து வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுசாக இறுக்கினால் கேமே உடையலாம்.

சரி, இப்போது டைமிங். கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறியை ஹெட்டில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்த பிறகு, கிராங்கை அந்தக் கால் சுற்று முன்னால் திருப்பி டிடிசி குறியில் நிறுத்துங்கள். பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வரட்டும். டென்ஷனரை விட்டபின் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. எங்கேயாவது கெட்டியாகத் தடுத்தால் அழுத்தாதீர்கள், நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள். சுற்றி முடித்ததும் இரண்டு ஸ்ப்ராக்கெட் குறிகளும் மறுபடி நேராக நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மாட்டுங்கள். பெல்ட்டில் பெயின்ட் கோடு இருந்தால், செயினில் கலர் லிங்க் இருந்தால், அவை இப்போது பொருந்தாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பார்க்கும் அளவைத்தான் பெரும்பாலான மேனுவல்கள் கொடுக்கும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீள்வதால் அதற்குப் பெரும்பாலும் கூடுதல் இடைவெளி இருக்கும். இன்லெட்டுக்கு 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 என்பது போல.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், 4-ஆவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும் நேரத்தில் 1-ஐ செட் செய்யுங்கள். கிராங்கை அரைச் சுற்று திருப்பினால் 2-இல் அதே நிலை வரும், அப்போது 3. அடுத்த அரைச் சுற்றில் 4, அதற்கடுத்து 2. குறியை மட்டும் நம்பாமல் இப்படி வால்வைக் கண்ணால் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கிராங்க் குறி எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவிலும் நேராகத்தான் நிற்கும்.

இடைவெளியில் விடும் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி கேஜ் விட்டுப் பாருங்கள். இடைவெளி கொஞ்சம் அதிகமானால் டக்டக் என்று சத்தம் வரும், நமக்குத் தெரிந்துவிடும். குறைந்தால் சத்தமே வராது, வால்வு சூட்டில் நீண்டு சீட்டில் முழுசாக உட்காராமல் கருகும். எனக்குப் பயம் இந்த இரண்டாவதுதான்.

ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் (தடிமன் குறித்த சின்னத் தகடு) வகை என்றால் கணக்கு இது: பழைய ஷிம்மோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். 2.40 ஷிம், அளந்தது 0.30, வேண்டியது 0.20 என்றால் 2.50 ஷிம் போட வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) உள்ள பெரும்பாலான இன்ஜின்களில் இந்த வேலையே கிடையாது.

எல்லாம் முடிந்ததும் இன்னும் இரண்டு சுற்று கையால் சுற்றி, எல்லா வால்வையும் ஒருமுறை அளந்துவிட்டு கவரை மூடுங்கள்.