கூலிங் டவர் கியர்பாக்ஸில் ஆயில் வெளுத்துப் போனது: என் அனுபவம்

தண்ணீரைக் காற்று விட்டு ஆற்றும் கூலிங் டவரின் ஃபேன் கியர்பாக்ஸ் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல்தான் போயிருக்கும் என்று அதை மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டினேன், இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே வெள்ளை.

அப்புறம்தான் பிரீதர் குழாய், அதாவது கியர்பாக்ஸ் காற்றை இழுத்து வெளிவிடும் குழாய், கண்ணில் பட்டது. அது ஃபேனைச் சுற்றி நிற்கும் உருளைக் கூடான ஃபேன் ஸ்டாக்குக்கு உள்ளேயே, அந்த ஈரக் காற்றிலேயே முடிந்திருந்தது. ஃபேன் நின்று கியர்பாக்ஸ் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும், இங்கே இழுத்ததெல்லாம் ஈரம். குழாயை ஸ்டாக்குக்கு வெளியே நீட்டி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். பழைய ஆயிலைச் சூடு ஆறுமுன் வடித்து, ஃப்ளஷ் செய்து, பெயர்ப்பலகையில் இருந்தபடி விஜி 220 (பிசுபிசுப்பைக் குறிக்கும் எண்) ஆயில் நிரப்பினேன்.

சரி, இறங்கியாகிவிட்டது என்று கியர்பாக்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று, நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜும் வைத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸின் ஒரு காலைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தியதும் முள் நகர்ந்தது, அந்தக் காலுக்கு அடியில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) குறைவு. அதை விட்டிருந்தால் புது சீலும் சீக்கிரம் தேய்ந்திருக்கும்.

ஆயில் மட்டத்தை ஃபேன் நின்ற பிறகே பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டினால் மட்டும் போதாது, காற்றில் இறக்கை தானாகவே சுழலும், அதைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும்.