டிராயிங் இழுக்கிறதா? கார்டு வாங்கும் முன் ஃபைலைப் பாருங்கள்

டிராயிங் போடும் ஆட்டோகேட் மென்பொருளில் பேன் செய்தால், அதாவது டிராயிங்கைப் பிடித்து நகர்த்தினால், திரை ஒரு நொடி கழித்து நகர்கிறது, கர்சர் திக்கித் திக்கிப் போகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எங்கள் கோயம்புத்தூரில் பதில் தயாராக இருக்கும்: "கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுருங்க." நான் கணபதியில் சின்னதாக ஒரு டிராஃப்டிங் ஆபீஸ் நடத்துகிறேன். பம்பு வார்ப்பு டிராயிங், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஷெட் பிளான், நடுநடுவே மனைப்பிரிவு லேஅவுட் என்று கலந்து கட்டி வரும். நான் பார்த்தவரை கார்டு போட்டுச் சரியான மெஷின்கள் குறைவு. ஃபைலைச் சுத்தம் செய்து சரியானவைதான் அதிகம். ஆகவே கோளாறு ஃபைலிலா, மெஷினிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

பிரிப்பது சுலபம். பென் டிரைவிலோ சர்வரிலோ இருக்கும் ஃபைலை முதலில் லோக்கல் டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு புது டிராயிங்கைத் திறந்து, ஒரு வட்டம் போட்டு, நூற்றுக்கு நூறு என்று அர்ரே அடித்து, வெடித்துவிட்டு பேன் செய்யுங்கள். பத்தாயிரம் வட்டம் வழுக்கிக்கொண்டு போனால் மெஷின் மேல் பழி இல்லை, ஃபைலைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இழுத்தால் கோளாறு மெஷினில் அல்லது செட்டிங்கில். சந்தேகமாக இருந்தால் அதே ஃபைலைப் பக்கத்து மெஷினில் திறந்து பாருங்கள்.

ஃபைல்தான் என்று தெரிந்தால் முதலில் நான் சந்தேகப்படுவது ஹேட்ச், அதாவது ஒரு பரப்பை நிரப்பப் போடும் கோட்டு வடிவம். "அண்ணா, பேன் பண்ணுனா இழுக்குதுங்ணா, ரீஜென் போட்டா டீ குடிச்சுட்டே வந்துரலாமுங்ணா" என்று ஆபீஸ் தம்பி ஒரு ஷெட் பிளானைக் கொண்டுவந்தான். ரீஜென் என்பது டிராயிங்கை முழுதாகத் திருப்பிக் கணக்கிட்டுத் திரையில் வரைவது. 30 மீட்டருக்கு 20 மீட்டர் தளம் முழுக்க ஆன்சி31 ஹேட்ச், மில்லிமீட்டர் டிராயிங்கில் ஸ்கேல் 1. அந்த பேட்டர்னில் கோட்டுக்குக் கோடு 3.175 மி.மீ. இடைவெளி. 45 டிகிரி சாய்வில் கணக்குப் போட்டால் அந்த ஒரு தளத்துக்கே பதினோராயிரத்துக்கும் மேல் கோடு. திரையில் பார்த்தால் வெறும் கறுப்புத் திட்டு, பிரிண்ட் எடுத்தாலும் அதே திட்டு. ஸ்கேலை 50 ஆக்கினால் சுமார் 220 கோட்டில் முடிந்துவிடும், பார்க்கவும் ஹேட்ச் மாதிரி இருக்கும். கிராவல், ஏஆர்-சாண்ட் மாதிரி பொடிப் பேட்டர்னைக் காம்பவுண்டு முழுக்க இறைத்திருந்தால் இதைவிட மோசம். அந்த இடத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் சாலிட் ஃபில் போட்டால் எந்த இன்ஜினியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹேட்ச்தான் காரணமா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: ஃபில்மோடு என்று அடித்து 0 கொடுத்து ரீஜென் செய்யுங்கள். ஹேட்ச் எல்லாம் மறைந்துவிடும். இப்போது பேன் வேகமாகப் போனால் ஆள் அகப்பட்டுவிட்டது. பார்த்து முடித்ததும் 1 என்று திருப்பி வைத்துவிடுங்கள். மறந்து பிரிண்ட் எடுத்தால் சுவர்கள் வெறுமையாக வந்து நிற்கும்.

ஹேட்ச் இல்லையென்றால் லேயர்களை, அதாவது டிராயிங்கின் அடுக்குகளை, பாதி பாதியாக ஃப்ரீஸ் செய்து பாருங்கள். பாதியை ஃப்ரீஸ் செய்ததும் வேகம் வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். அதையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் நூறு லேயர் இருந்தாலும் ஏழாவது முறைக்குள் ஒரே லேயரில் வந்து நிற்கும். ஆஃப் செய்தால் போதாது, ஃப்ரீஸ்தான் செய்ய வேண்டும். ஆஃப் செய்த லேயர் கண்ணுக்குத் தெரியாதே ஒழிய, ரீஜென் கணக்கில் வந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது குப்பை. நம் ஊரில் யாரும் புது டிராயிங் ஆரம்பிப்பதில்லை. போன வருடத்து வேலையைத் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வரைவோம். அழித்ததன் பிளாக், லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல் எல்லாம் உள்ளேயே தங்கி, கைமாறிக் கைமாறி வளரும். நாலு சுவர் இருக்கும் பிளான் 30 எம்பி என்றால் இதுதான். நான் செய்யும் வரிசை: முதலில் ஒரு காப்பி. பிறகு ஆடிட் அடித்து, தப்பைத் திருத்தவா என்றால் ஆமாம். பர்ஜ் என்பது பயன்படாததைத் துடைக்கும் கமாண்டு; அதில் நெஸ்டட் ஐட்டங்களையும் (ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை) டிக் செய்து எல்லாவற்றையும் துடையுங்கள். டிஜிஎன் (மைக்ரோஸ்டேஷன் மென்பொருளின் ஃபைல்) வழியாக வந்த லைன்டைப் மிச்சங்கள் ஃபைலை ஊதவைக்கும், புதிய பதிப்புகளின் பர்ஜில் ஆர்ஃபன்டு டேட்டா என்று இருப்பது அதற்குத்தான். அப்புறம் முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டு மறுபடி பர்ஜ், அதில் ரெக்ஆப்ஸ், அதாவது மற்ற புரோகிராம்கள் ஃபைலில் விட்டுப்போன பெயர்ப் பதிவுகள். பல பேர் இதைச் செய்வதே இல்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். அதே மாதிரி மைனஸ் குறியோடு ஸ்கேல்லிஸ்ட்எடிட் அடித்து ரீசெட். வேறு ஃபைல்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அனோட்டேஷன் ஸ்கேல்கள் அதில் போய்விடும். சேவ் செய்து, மூடி, திறந்து பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து டபிள்யூபிளாக்கில் புது ஃபைலாக எழுதிவிடுவது உத்தமம்.

ஓவர்கில் நல்ல கமாண்டுதான், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளைச் சுருட்டிவிடும். ஆனால் மனைப்பிரிவு டிராயிங்கில் கவனம். முனையோடு முனை தொடும் கோடுகளை இணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தனித்தனி மனையின் எல்லைக்கோடுகள் ஒரே நீளக் கோடாகிவிடும், அப்புறம் அளவு போட உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

லேஅவுட் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விசேஷத் தொல்லை உண்டு. சர்வேயர் கொடுக்கும் ஃபைல் யூடிஎம் கோஆர்டினேட்டில், அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறையில், வரும். கோவைப் பக்கம் என்றால் கிழக்கே 7 லட்சம் மீட்டருக்குச் சொச்சம், வடக்கே 12 லட்சத்துக்குச் சொச்சம். அதை யாராவது மில்லிமீட்டருக்கு மாற்றி வைத்தால் வடக்கு எண் 120 கோடியைத் தாண்டும், பத்து இலக்கம். ஆட்டோகேட் தன் கணக்கைப் பதினைந்து இலக்கம் வரை துல்லியமாக வைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டு வழக்கமாக வேலை செய்வது ஏழு இலக்கத் துல்லியத்தில். அதனால்தான் வட்டம் கோணல்மாணலாகத் தெரிவது, ஹேட்ச் நொறுங்குவது, ஜூம் செய்தால் குதிப்பது எல்லாம். யூசிஎஸ்ஸை (நாமே வைத்துக்கொள்ளும் அச்சு) மாற்றினால் சரியாகாது, பொருள்கள் உண்மையில் அதே தூரத்தில்தான் இருக்கும். ஒரிஜினலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, காப்பியில் எல்லாவற்றையும் ஒரு முழு எண்ணால், அதாவது கிழக்கில் 7,13,000 மீட்டர், வடக்கில் 12,16,000 மீட்டர் என்கிற மாதிரி, பின்னால் நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை டிராயிங்கிலேயே ஒரு மூலையில் எழுதி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதே எண்ணைக் கூட்டினால் போதும்.

இதில் கொங்கு நாட்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 78 டிகிரி தீர்க்கரேகை நம் நடுவே ஓடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு ஊர்கள் யூடிஎம் 43-வது மண்டலம். கரூர், நாமக்கல், சேலம் 44. இரண்டு மண்டல ஃபைலை ஒன்றாக ஒட்டினால் கரூர் நிலம் எங்கேயோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் திரையில் இரண்டு புள்ளி மட்டும் தெரிகிறதென்றால் சந்தேகமே வேண்டாம்.

எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (நில அளவைத் துறையின் புல வரைபடம்) ஸ்கேன் செய்து அடியில் வைத்து வரைபவர்கள் அதன் ரெசல்யூஷனைப் பாருங்கள். ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்தால், ஜேபெக் ஃபைல் டிஸ்க்கில் சின்னதாகத் தெரிந்தாலும் மெமரியில் விரியும்போது 100 எம்பிக்கு மேல். 150 டிபிஐயில் அது ஆறரை எம்பி. சர்வே நம்பரைப் படிக்க 150-200 போதும். நாலு ஸ்கெட்ச் சேர்த்து வைத்திருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

3டி ஃபைலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சப்ளையர் கொடுத்த மோட்டார் மாடலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரை சுற்றியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு வெறும் உருளையாக வையுங்கள். வரையும்போது விஷுவல் ஸ்டைலை 2டி வயர்ஃபிரேமில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காலி டிராயிங்கே இழுக்கிறது என்றால் இனி மெஷின்.

குறிச்சி சிட்கோவில் ஒரு பவுண்டரிக்காரர் கூப்பிட்டார்: "ஏனுங்க, புதுக் கார்டு போட்டும் அதே பாடுதானுங்க." போய்ப் பார்த்தால் கார்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, மானிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியிருக்கிறது. கார்டு பாட்டுக்குச் சும்மா இருக்க, பிராசஸரோடு வந்த கிராபிக்ஸ்தான் எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தது. சிபியூவின் பின்பக்கம் பாருங்கள்: யூஎஸ்பி ஓட்டைகளோடு சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டுடையவை, கீழே தனியாகப் படுக்கையாக இருப்பவை கார்டுடையவை. கேபிள் கீழே இருக்க வேண்டும்.

லேப்டாப்பில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், விண்டோஸ் சிக்கனமானதை ஆட்டோகேடுக்குக் கொடுத்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ஆட்டோகேடைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ என்ஜின் என்ற பத்தியைத் திறந்தால் எந்த ஜிபியூ ஓடுகிறது என்று தெரியும். சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய சார்ஜருக்குப் பதில் மொபைல் மாதிரி சின்ன டைப்-சி சார்ஜர் போட்டாலும் அப்படித்தான்.

கார்டே இல்லாமல், பிராசஸரோடு வரும் கிராபிக்ஸில் ஓட்டுபவர்கள் ராமைப் பாருங்கள். அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தன் தேவைப் பட்டியலில் குறைந்தபட்ச கிராபிக்ஸுக்கு நொடிக்கு 29 ஜிபி பேண்ட்விட்த் (மெமரியில் தகவல் போய்வரும் வேகம்), பரிந்துரைக்கும் கார்டுக்கு 106 ஜிபி என்று பல பதிப்புகளாகப் போட்டு வந்திருக்கிறது. 3200 வேக டிடிஆர்4 ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் கொடுக்கக்கூடியது 25.6 ஜிபி. குறைந்தபட்சத்துக்கே எட்டவில்லை, அதிலும் பிராசஸர் பாதியைக் கேட்கும். அதே மாதிரி இன்னொரு குச்சியை இரண்டாவது சேனலில் போட்டால் 51.2. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். இரண்டில் ஒன்று என்று இருந்தால், வெறும் 2டி வரைபவர் கார்டுக்குப் போகும் முன் இந்தக் குச்சியை வாங்கலாம். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டிரைவரைச் சோதிக்க, கிராபிக்ஸ்கான்ஃபிக் கமாண்டில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். அணைத்தால் வேகம் கூடினால் டிரைவர் சரியில்லை என்று அர்த்தம். ஆக்சிலரேஷன் பட்டனே வேலை செய்யாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறதா பாருங்கள்; டிரைவரே ஏறவில்லை என்று பொருள். கார்டு கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி, பழசைத் துடைத்துவிட்டுப் போடும் கிளீன் இன்ஸ்டாலேஷனைத் தேர்ந்தெடுங்கள். புதுசுதான் நல்லது என்று இல்லை. ஆட்டோடெஸ்க் சோதித்துச் சான்று கொடுத்த டிரைவர்களின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது, அதிலிருந்து எடுப்பது பத்திரம்.

காலையில் நன்றாக ஓடி, அரைமணி கழித்துச் சோர்ந்து போகும் மெஷினுக்குச் சூடுதான் காரணம். திருப்பூரில் கட்டிங் டேபிள் பக்கத்தில் வைத்த சிபியூவைத் திறந்தால் ஹீட்சிங்கின் மேல் பஞ்சு மெத்தை விரித்த மாதிரி படிந்திருக்கும். பவுண்டரியில் என்றால் கருப்புத் தூசி. அணைத்து, கேபிளைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இரும்புத் தூசி மின்சாரத்தைக் கடத்தும், பவுண்டரி மெஷினை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஊதிவிடுவது நல்லது.

செட்டிங் விஷயம் சின்னது. செலக்ஷன்பிரிவியூ 0, செலக்ஷன்எஃபெக்ட் 0, லைன்ஸ்மூத்திங் 0, விடிஎனேபிள் 0, ரோல்ஓவர்டிப்ஸ் 0. இவை எல்லாம் திரையின் அலங்காரங்கள்; பழைய மெஷினில் இந்த ஐந்தையும் அணைத்தால் உடனே வித்தியாசம் தெரியும். கோடு கொஞ்சம் பல்லுப்பல்லாகத் தெரியும், அவ்வளவுதான். பிரிண்டில் அது வராது.

கடைசியாக, கிராபிக்ஸ் மாதிரி வேஷம் போடும் ஒன்று. பேன், ஜூம் எல்லாம் சரியாக இருக்கும். ஃபைல் திறக்கும்போதோ பிளாட் அடிக்கும்போதோ மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். அது அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டர் டீஃபால்ட்டாக இருப்பதால், இல்லாவிட்டால் ஆப்ஷன்ஸில் சப்போர்ட் பாத் பட்டியலில் இப்போது இல்லாத சர்வர் டிரைவ் இருப்பதால். டீஃபால்ட் பிரிண்டரை பிடிஎஃப்புக்கு மாற்றுங்கள், செத்த பாத்களை அழித்துவிடுங்கள். எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) பட்டியலில் நாட் ஃபவுண்டு என்று நிற்பவை வேண்டாதவை என்றால் டிட்டாச் செய்துவிடுங்கள்.