தரையிறங்கும்போது பிட்ச் ட்ரிம்: பட்டனைத் தொடுவதற்கு முன்னால்

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம். முதல் இருபது மணி நேரப் பறத்தலில் ஒவ்வொரு தரையிறக்கமும் மல்லுக்கட்டுதான். ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதி) ஒருநாள் ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இழுத்துப் பிடித்தே மணிக்கட்டு வலிக்கும். மறுநாள் மூக்கு தானாகத் தூக்கிக்கொண்டு வேகம் கரையும். விமானத்தில் கோளாறு ஏதுமில்லை. பிட்ச் ட்ரிம் என்பது ஸ்டிக்கை இழுத்தோ தள்ளியோ பிடிக்கும் பளுவைக் கையிலிருந்து எடுத்துவிடும் அமைப்பு. அதன் பட்டனை நான் அழுத்திய நேரம்தான் தப்பு.

சர்க்யூட் (இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றும் பாதை), ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை), ஃப்ளேர் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவது) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. தரையிலேயே திசையைப் பாருங்கள்

எலிவேட்டரில் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) ட்ரிம் டேப் (அதன் பின்விளிம்பில் உள்ள சின்னத் தகடு) இருக்கும் விமானமென்றால், மூக்கை மேலே கொண்டுபோகும் பக்கம் அழுத்தும்போது டேப் கீழே இறங்க வேண்டும். காற்று டேப்பை மேலே தள்ளும், எலிவேட்டரின் பின்விளிம்பும் கூடவே உயரும், வால் அமுங்கும், மூக்கு தூக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். என் ட்ரிம் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களும் வெள்ளை. மாற்றிப் போட்டிருந்தேன். வாலுக்குப் பின்னால் நின்ற நண்பர் "மேலே போகுதே" என்றபோதுதான் உறைத்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு டேப் நகர எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் அப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

2. டவுன்விண்டில்: பிடி, பொறு, பிறகு ட்ரிம்

டவுன்விண்ட் என்பது ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ட்ரிம் மூக்கைத் தூக்கவோ இறக்கவோ வைத்த கருவி இல்லை. ஸ்டிக்கைத் தளர்த்தினால் விமானம் எந்த வேகத்தில் போய் நிற்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. நான் என்ன செய்தேன்? பவரைக் குறைப்பேன், வேகம் இறங்க இறங்க ஸ்டிக் கனக்கும், உடனே பட்டன். வேகம் இன்னும் இறங்கும், மறுபடியும் பட்டன். பேஸில் (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதி) திரும்பி மூக்கைத் தாழ்த்தும்போது ட்ரிம் எங்கேயோ போயிருக்கும், இப்போது ஸ்டிக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஓடுகிற பேருந்தைத் துரத்திய கதை.

சரியான வரிசை: பவரைக் குறையுங்கள். மூக்கை ஸ்டிக்கால் பிடியுங்கள், கனத்தாலும் பரவாயில்லை. வேகமானியின் முள் நகர்வது நிற்கட்டும். என் விமானத்தில் அது 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதன் பிறகு சின்னச் சின்னதாக அழுத்துங்கள். டக், டக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். ஸ்டிக்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள். மூக்கு அசையாமல் நின்றால் முடிந்தது. முழுக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தால் எதுவும் தெரியாது.

3. ஃப்ளாப்

ஒரு படி இறக்குங்கள், மூக்கைப் பிடியுங்கள், மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், அப்புறம் ட்ரிம். ஃப்ளாப் இறங்கினால் என் விமானம் மூக்கைத் தாழ்த்தும். உங்களுடையது எப்படி என்பதை நல்ல உயரத்தில் பார்த்து வையுங்கள்.

4. ஃபைனல்

வேகம் பொதுவாக ஸ்டால் வேகத்தைப் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) போல 1.3 மடங்கு. 50 நாட்டில் ஸ்டால் ஆனால் 65 நாட். ஆனால் அந்த 50 உங்கள் விமானத்தில் நீங்கள் சோதித்து எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். அதே வரைபடத்தில் கட்டிய இன்னொருவரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். வேகமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துளை சற்றுத் தள்ளி இருந்தாலே வேகமானி வேறு கதை சொல்லும்.

ஃப்ளேரில் கை நோகாமல் இருக்க ட்ரிம்மை மூக்கு தூக்கும் பக்கம் முழுக்க ஓட்டி வைப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் இழுவை கையில் மிச்சம் இருக்கட்டும். காரணம் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது. அந்த ட்ரிம்மோடு முழு பவர் கொடுத்தால் மூக்கு திமிறிக்கொண்டு எழும், கவனிக்காவிட்டால் ஸ்டால். முதலில் ஸ்டிக்கைத் தள்ளி மூக்கை அடக்குங்கள். ட்ரிம் அதற்குப் பிறகு. பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 3,000 அடியில் ஒருமுறை செய்து பாருங்கள். அந்த உதைப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த ட்ரிம் நல்லது?

கையால் திருகும் ட்ரிம்மைத்தான் நான் விரும்புவேன். எவ்வளவு திருகினோம் என்று விரலுக்கே தெரியும். மின் ட்ரிம் போட்டாயிற்று என்றால் அதோடு மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் சாதனத்தையும் போடுங்கள். வேகமாகப் பறக்கும்போது டேப் துளி அசைந்தாலே மூக்கு துள்ளும். ட்ரிம் தானாக ஓட ஆரம்பித்தால் மின்சாரத்தைத் துண்டிக்க, கை எட்டும் தூரத்தில் ஒரு தனி சுவிட்ச். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரின் முழங்கால் பட்டே தன் ட்ரிம் நகர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டு ஸ்டிக்கிலும் பட்டன் இருந்தால் பயணி பக்கத்தை அணைத்து வைக்க வழி செய்யுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: தனியாகப் பறக்கும்போது, முழு ஃப்ளாப்பில் ட்ரிம் கடைசி வரை போயும் ஸ்டிக் கனக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் என் விமானத்தின் எடை மையம் முன்னால் போய்விடுகிறது. எடைக் கணக்கைப் போட்டு, மையம் வரம்புக்குள் இருக்கிறதா பாருங்கள். டேப்பை வளைக்கப் போகாதீர்கள். நான் தனியாக இருந்தால் பாதி ஃப்ளாப்போடு இறங்குகிறேன், ஓடுபாதை நீளமாக இருந்தால் மட்டும்.