நடுப் புத்தகத்தை நட்டாற்றில் விடாமல் படிக்க

முதல் பாகத்தை நாலே நாளில் முடித்த அக்கா மகன், இரண்டாவதைப் பாதியில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தான். "ஆறு சாப்டர் படிச்சிட்டேன் சித்தி, ஃப்ரோடோவைக் காணவே காணோம்" என்றான். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் நடுப் பாகமான 'தி டூ டவர்ஸ்' பற்றித்தான் சொல்கிறான். ஃப்ரோடோதான் கதாநாயகன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

டோல்கீன் முழுக் கதையையும் ஒரே நூலாகத்தான் எழுதினார். விலை கட்டுப்படியாகாது என்று பதிப்பகம்தான் மூன்றாகப் பிரித்தது. அதனால் நடுப் பாகத்துக்கென்று தனியாக ஒரு தொடக்கம் கிடையாது. முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் நடந்த அதே நாளில், அதே ஆற்றங்கரையில் இது தொடங்குகிறது. எனவே முதலில் அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடி படியுங்கள், அரை மணி நேரம் போதும். இணையத்தில் கதைச்சுருக்கம் தேட வேண்டாம். அதில் முடிவும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது முக்கியம். இந்தப் புத்தகம் இரண்டு பாதி. முன்பாதியின் 11 அத்தியாயங்களில் ஃப்ரோடோவும் அவன் கூடவே போகும் சாமும் வரவே மாட்டார்கள். பின்பாதியின் 10 அத்தியாயங்களில் அவர்கள் பக்கம் மட்டும்தான். சிலர் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன்பாதியில் இருப்பவர்களுக்கு ஃப்ரோடோ இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அது தெரியாமலே சண்டைக்குப் போகிறார்கள். நமக்கும் தெரியாமல் இருந்தால்தான் அவர்களுடைய தைரியம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். வரைபடப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தால் புரட்டுவது சுலபம். புத்தகத்தை முடித்த பிறகு, மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் உள்ள தேதிகளோடு நோட்டை ஒப்பிடலாம். மார்ச் 13ஐத் தாண்டி மட்டும் கண்ணை ஓட்ட வேண்டாம், முடிவு தெரிந்துவிடும். முன்பாதியில் ஃப்ரோடோவின் நண்பர்கள் மெர்ரியும் பிப்பினும் காட்டுக்குள் தப்பும் அதே பிப்ரவரி 29ல்தான் ஃப்ரோடோ மலையை விட்டு இறங்குகிறான். (அடுத்த நாள் பிப்ரவரி 30. அவர்கள் நாள்காட்டியில் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள்.) இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

வேகம் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மேலூரிலிருந்து தினமும் மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வருகிறவள், தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். சிட்டம்பட்டி டோல்கேட்டுக்குள் சூடு பிடிக்கும். ஒத்தக்கடையில் யானைமலை தெரிந்ததும் மூடிவிடுவேன். முன்பாதியில் அப்படி மூடுவது கஷ்டம். பின்பாதியில் அந்த அளவுதான் சரி. சதுப்பு நிலம், பசி, நடை என்றே போகும் பக்கங்களை மொத்தமாகப் படித்தால் அலுத்துவிடும்.

அதில் சாம் முயல் சமைக்கும் அத்தியாயம் வரும்போது ஜன்னலோர இருக்கை பிடித்துக்கொள்ளுங்கள். உலகமே அழியப் போகிற நேரத்தில் அவன் பையின் அடியில் ஒரு தட்டையான மரப்பெட்டி, அதற்குள் கொஞ்சம் உப்பு. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்திருக்கிறான். வெளியூரில் தங்கிப் படித்த காலத்தில் அம்மா கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டில் எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

அப்புறம், கடைசி இரண்டு அத்தியாயத்தைத் தொடும் முன்பே மூன்றாம் பாகத்தைக் கையில் வைத்திருங்கள். 1954 நவம்பர் 11ல் இந்தப் பாகத்தை வாங்கிய இங்கிலாந்து வாசகர்கள், அடுத்ததற்கு 1955 அக்டோபர் 20 வரை காத்திருந்தார்கள். அது வந்த பிறகும், ஃப்ரோடோவைப் பார்க்க இன்னும் 10 அத்தியாயம் தாண்ட வேண்டும்.

அக்கா மகன் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான், நோட்டும் போட்டிருக்கிறான். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "சித்தி, உப்புப் பெட்டி வந்துருச்சு."